மஞ்சள் பை தொங்கிய வீடு

இலவசம் என்று போட்டிருந்ததால்தான் லெம்யூல் ப்ரூயிட் அந்தக் கூட்டத்துக்குப் போனான். இலவசம் என்று போட்டிருந்ததால்தான் அங்கே சொன்ன எதையும் நம்பவும் இல்லை. டெட்ராய்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். பல் பளபளக்க ஒருத்தன் மேடையில் நின்றுகொண்டு, கையில் காசு இல்லாமல் வீட்டு வியாபாரத்தில் இறங்குவது எப்படி என்று காலையெல்லாம் பேசினான். மத்தியானம் சாண்ட்விச் கொடுத்தார்கள். தின்று முடித்ததும், மீதி ரகசியத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு டாலர் ஆகும் என்றான். லெம்யூல் இன்னொரு சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

காலையில் சொன்னதே போதும் என்று அவனுக்குப் பட்டது. விற்றே தீர வேண்டிய நெருக்கடியில் இருக்கிற ஆளைக் கண்டுபிடி. அவர் வீட்டை இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள். முன்பணம் பத்து டாலர் கொடுத்தாலும் செல்லும். பிறகு ரொக்கம் வைத்திருக்கிற ஒருத்தனைப் பிடித்து, அந்த ஒப்பந்தத்தை அவன் பேருக்கு மாற்றிக் கொடு. அவன் மேலே போட்டுக் கொடுக்கிற தொகை உனக்கு. வீட்டை நீ வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. நடுவில் இருந்த காகிதத்தை விற்றாய், அவ்வளவுதான். இது தரகு இல்லை, தரகுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மேடைக்காரன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவை சொன்னதால் இது தரகுதான் என்று லெம்யூல் முடிவு செய்துகொண்டான்.

அவனுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் ஊரார் வீட்டுக் கீழ்த்தளத்தில் படுத்துக் கிடந்து ஃபர்னஸ் ரிப்பேர் பார்த்தவன். குளிரில் வீட்டைச் சூடாக்குகிற அந்தப் பெட்டியை யார் எவ்வளவு நாள் கவனிக்காமல் போட்டார்கள், யார் வாடகைக்காரனிடம் பொய் சொன்னார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வீட்டின் மேல்தளம் விருந்தாளிக்கு, கீழ்த்தளம்தான் நிஜம் என்பது அவன் கணக்கு. இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. தங்கை வீட்டு சோபாவில் எட்டு மாதமாகப் படுக்கை. தங்கை புருஷன் ஆர்வில் நல்லவன்தான், அதனால் நாலு மாதம் முன்னாடியே சொல்ல வேண்டியதை இப்போதுதான் சொன்னான்: ஏப்ரல் பிறந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லெம்யூல் நூறு மஞ்சள் அட்டை அச்சடித்தான். 'வீடு வாங்குகிறோம், ரொக்கம், எந்த நிலையிலும்' என்று போட்டு, செல்போனில் இன்னொரு நம்பர் வாங்கி அதையும் போட்டான். 'வாங்குகிறோம்' என்றால் யார் யார் என்று ஆர்வில் கேட்டான். லெம்யூல் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிழக்குப் பக்கத் தெருக்களில் கம்பம் கம்பமாக அடித்தான். மறுநாளே பாதியைக் காணோம். நகராட்சி பிடுங்கியிருக்கும் என்று ஆர்வில் சொன்னான். போட்டிக்காரன் பிடுங்கியிருப்பான் என்பது லெம்யூலின் நம்பிக்கை. அதனால் அவனும் ராத்திரிக்குள் போட்டிக்காரன் அட்டை ஆறைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

போன் வந்ததெல்லாம் திட்டுவதற்கு. ஆகவே காரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, வரி கட்டாத வீட்டுக் கதவில் மஞ்சள் பிளாஸ்டிக் பை தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே நோட்டீஸ் இருக்கும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு கவுண்டிக்குப் போய்விடும், அப்புறம் அழுதாலும் திரும்பாது. தெருவில் எல்லோரும் அந்தப் பையை முதல் காரியமாகக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், மானம் போகுமே என்று. ஒரே ஒரு செங்கல் வீட்டில் மட்டும் பை பத்து நாளாக அப்படியே தொங்கியது. செத்துவிட்டார்களா, இல்லை எவனாவது வரட்டும் என்று தூண்டில் போட்டிருக்கிறார்களா? லெம்யூல் இறங்கிக் கதவைத் தட்டினான்.

திறந்தவள் வெர்லீன் ஓடம். எழுபத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்று வருஷ வரி பாக்கி பதினோராயிரம் டாலர். இரண்டு தெரு தள்ளி முதியோர் குடியிருப்பில் அறை பார்த்து வைத்திருந்தாள். வீட்டை விற்றுப் பாக்கியை அடைத்து, மிச்சத்தோடு அங்கே போய்விட வேண்டும். முப்பத்தொன்று தாண்டிவிட்டால் நாற்பத்திரண்டு வருஷம் இருந்த வீட்டிலிருந்து ஒரு காசு கிடைக்காமல் இறங்க வேண்டும்.

கீழ்த்தளத்தைப் பார்க்கணும் என்று லெம்யூல் சொன்னான். வீடு வாங்க வந்தவன் எல்லோரும் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பான் என்று அவள் சொன்னாள். கீழே ஃபர்னஸ் செத்துக் கிடந்தது. இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். அறைக்கு ஒரு மின்சார அடுப்பை வைத்துக் குளிரை ஓட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முப்பத்துநாலாயிரத்துக்கு எழுதினார்கள். ஒப்பந்தம் ஏப்ரல் ஐந்து வரை செல்லும், ஆனால் முப்பத்தொன்றுக்குள் முடித்துவிடுவதாகப் பேச்சு. முன்பணப் பத்து டாலர் நோட்டை வாங்கி வெர்லீன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திருப்பிப் பிடித்தும் பார்த்தாள்.

"முப்பத்துநாலாயிரம் வெச்சிருக்கிற ஆளு காரு கதவ கயித்தால கட்டியிருக்காரே, மிஸ்டர் ப்ரூயிட்?" என்று கேட்டாள்.

"பணம் பார்ட்னர்கிட்ட இருக்கு, மிஸ் வெர்லீன்."

மேடைக்காரன் சொல்லிக்கொடுத்த பொய் அது. இந்தத் தொழிலில் இறங்கிய எல்லோரும் சொல்வதும் அதுதான். வீட்டுக்காரரிடம், காட்ட அழைத்து வருகிறவன் என் பார்ட்னர் என்று சொல்லு. வருகிறவனை வீட்டுக்காரரோடு பேசவிடாதே. இரண்டு பேரும் பேசிக்கொண்டால் நடுவில் நிற்கிறவன் எதற்கு?

ரொக்கக்காரன் கிடைத்தான். கார்த் கெஸ்லிங், புறநகர்க்காரன், வெள்ளைப் பிக்கப் வண்டி, கிழக்குப் பக்கத்தில் முப்பது வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவன். அவனிடம் லெம்யூல் முகவரியைச் சொல்லவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கச் சொல்லி, அங்கிருந்து தன் பின்னால் வரச் சொன்னான். நேரே வந்தால் நாலு நிமிஷம். சுற்றிச் சுற்றி இருபது நிமிஷம் கூட்டிக்கொண்டு வந்தான். கெஸ்லிங் இறங்கியதும், இந்த மளிகைக் கடையைத்தான் நாம் மூன்று தடவை பார்த்தோம், இல்லையா பாஸ் என்று கேட்டான்.

அந்தம்மாவுக்குக் காது கேட்காது, பேசிப் பிரயோஜனமில்லை என்று கெஸ்லிங்கிடம் சொல்லி வைத்திருந்தான் லெம்யூல். என் பார்ட்னருக்கு வாய்ப்பேச்சு பிடிக்காது என்று வெர்லீனிடம் சொல்லி வைத்திருந்தான். காலையிலேயே வந்து ஃபர்னஸின் மின்விசிறியை மட்டும் ஓடும்படி கம்பியை மாற்றிக் கட்டியும் வைத்திருந்தான். கெஸ்லிங் கீழே போனபோது பெட்டி உர்ரென்று நன்றாகச் சத்தம் போட்டது. வெர்லீன் மாடிப்படி மேலே நின்று பார்த்தாள். கைகட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். நாற்பத்தோராயிரம் என்று கெஸ்லிங் ஒத்துக்கொண்டான். லெம்யூலுக்கு ஏழாயிரம். ஒரு அறை வாடகைக்கு எடுக்க, முட்டியைக் காட்ட, அடுத்த வீட்டைத் தேட, எல்லாவற்றுக்கும் போதும்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கெஸ்லிங்குக்கு வீடு தெரிந்துவிட்டது. இனி அவன் நேரே வந்து கதவைத் தட்டலாம். கிழவியை எடுத்துக்கொண்டால், பையைக் கழற்றாமல் பத்து நாள் தொங்கவிட்டவள், பாவம் மாதிரி தெரியவில்லை. லெம்யூல் தினமும் காலையில் ஒரு காபியை வாங்கிக்கொண்டு, அவள் வீட்டுக்கு ஏழு வீடு தள்ளி காரை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் போட்டால் பெட்ரோல் செலவு என்பதால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்வீட்டுக்காரி போலீஸைக் கூப்பிடவா என்று வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை. வெள்ளைப் பிக்கப் வந்து நின்றது. கெஸ்லிங் உள்ளே போனான். நாற்பது நிமிஷம். வெளியே வந்தபோது வெர்லீன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். காது கேட்காத கிழவியும் வாய் பேசாத பார்ட்னரும் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார்கள்.

இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தான் சொல்வார்கள், எதற்குக் கேட்பது? நேரே ஊருக்குள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனான். இந்த வீட்டை வாங்க எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது, என்னை விட்டுவிட்டு யாரும் விற்கவும் வாங்கவும் முடியாது என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அந்த வீட்டின் பேரில் பதிவு செய்தான். சட்டப்படி சரியான காரியம்தான். முப்பது சொச்சம் டாலர் செலவு. யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சோபாவில் நன்றாகத் தூங்கினான்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்திரம் முடிக்கிற ஆபீஸில் எல்லோரும் கூடினார்கள். அந்த இடத்தைப் பிடித்தவன் கெஸ்லிங். அங்கே மேஜைக்குப் பின்னால் ரெனாட்டா என்கிற பெண். வில்லங்கம் பார்ப்பது, வருகிற பணத்தை வாங்கி வைத்துப் பங்கு பிரித்துக் கொடுப்பது, கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை போடுவது, எல்லாம் அவள் வேலை. கெஸ்லிங்குக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலே போட்டுக் கொடுத்தாள். லெம்யூல் அதைக் கவனித்துக்கொண்டான். வெர்லீன் தேவாலயத்துக்குப் போகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரி அலுவலகம் நாலரைக்கு மூடும். கடைசி நாள், வரிசை கட்டடத்தைச் சுற்றி நிற்கிறது. ரெனாட்டா காலையிலேயே தன் ஆபீஸ் ஆள் ஒருவரைக் காசோலையோடு வரிசையில் நிறுத்திவிட்டாள். இங்கிருந்து போன் போனால்தான் அவர் அதைக் கொடுப்பார்.

கையெழுத்துக்கு முன்னால் கடைசியாக ஒருதரம் பதிவேட்டைப் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிஸ்டர் ப்ரூயிட், இந்த வீட்டு மேல போன வாரம் நீங்க ஒரு பேப்பர் பதிஞ்சிருக்கீங்க. இது இருக்கிற வரைக்கும் எதுவும் நடக்காது."

அதை ரத்து செய்வதாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இங்கேயே முத்திரை போட்டு இங்கிருந்தே அனுப்பிவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றாள். பணம் வரட்டும், போடுகிறேன் என்றான் லெம்யூல். அந்தக் காகிதம் போகட்டும், பணம் அனுப்புகிறேன் என்றான் கெஸ்லிங். நாளைக்கு எட்டாயிரம் கொடு, ஒன்பதாயிரம் கொடு என்று இவர் நின்றால் நான் என்ன செய்வது என்று ரெனாட்டாவைப் பார்த்துக் கேட்டான். உன் வண்டி செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிஷம் எங்கே நின்றது என்று லெம்யூல் கேட்டான்.

இரண்டும் என் கையில் இருக்கட்டும், பணம் வந்ததும் காகிதம் போகும், இதற்குத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ரெனாட்டா சொன்னாள். லெம்யூல் அந்தக் காபிக் கோப்பையைப் பார்த்தான். முடியாது என்றான்.

மணி இரண்டே முக்கால். வரிசையில் நிற்கிறவரிடமிருந்து போன் வந்தது, முன்னால் அறுபது பேர் என்று.

வெர்லீன் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"நீ கையெழுத்துப் போட்டு என் கையில குடு," என்று லெம்யூலிடம் சொன்னாள். "பையில வெச்சுக்கறேன். அவரு பணம் வந்தா இந்தப் பொண்ணுகிட்ட குடுக்கறேன். வரலேன்னா உன்கிட்டயே திருப்பிக் குடுக்கறேன். நாலரை மணிக்கு நடுத்தெருவுக்குப் போறது நீங்க யாரும் இல்ல, நான்தான். நான் ஏமாத்துவேனா?"

இரண்டு ஆண்களும் யோசித்தார்கள். அறையில் அதிகம் இழக்கப் போகிறவள் அவள்தான். சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. லெம்யூல் கையெழுத்துப் போட்டான், ரெனாட்டா முத்திரை குத்தினாள், காகிதம் நாலாக மடிந்து கைப்பைக்குள் போனது. கொக்கி டக்கென்று மூடியது. கெஸ்லிங் போனை எடுத்துப் பேங்குக்குப் பேசினான்.

மூன்று இருபதுக்குப் பணம் வந்து சேர்ந்தது. ரெனாட்டா கையை நீட்டினாள். வெர்லீன் எழுந்து, தொண்டை காய்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். லெம்யூலை, கூட வா என்று கூப்பிட்டாள்.

அறைக்கு வெளியே நடையில், தண்ணீர்க் குடுவை பக்கத்தில் ஒரு காகிதக் கோப்பையை நிரப்பி, பாதி குடித்தாள்.

"ஏழாயிரமாமே உனக்கு?"

கெஸ்லிங் சொல்லிவிட்டான். அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று லெம்யூல் திரும்பிப் பார்த்தான்.

"அவன்தான வந்தான்," என்றான். "என்னைக் கழட்டி விட்டுட்டு வாங்கறேன்னு."

"நான் கூப்பிட்டுத்தான் வந்தாரு. வண்டிக் கதவுல நம்பரு இருந்துது. உன் பார்ட்னராச்சே, பேசலாம்னு கூப்பிட்டேன். அவரு உன் பேரையே சரியா சொல்லல." மீதித் தண்ணீரைக் குடித்தாள். "உன் காகிதம் ஏப்ரல் அஞ்சு வரைக்கும்தான், அது செத்தப்புறம் நேரா எனக்கு முப்பத்தேழு தர்றேன்னாரு. முடியாதுன்னுட்டேன். நீ நல்லவன்னு இல்ல. ஏப்ரல் அஞ்சுக்கு எனக்கு வீடே இருக்காது. அது அவருக்குத் தெரியல, கதவுல தொங்கின பைய நீ மட்டும்தான் படிச்ச."

சந்தேகப்பட்டது சரிதான் என்று லெம்யூலுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் அவள் கை கைப்பையின் கொக்கி மேல் இருப்பதைப் பார்த்தான்.

"அந்த மூணாயிரம் எனக்கு வேணும், லெம். உன் ஏழுலேர்ந்து."

"நான்தான உங்களைக் கண்டுபிடிச்சேன், மிஸ் வெர்லீன். அலைஞ்சிருக்கேன். அதுக்குக் கூலி வேணாமா?"

"நான் எங்க தொலைஞ்சு போனேன்? என் வீட்டுலதான இருந்தேன்."

"ஆயிரம்."

"மூணு."

"ரெண்டு. இதுக்கு மேல என்னால முடியாது, நானும் நாளைக்கு நடுத்தெருதான்."

"மூணு. மணி மூணரை."

தாமதமானால் உங்கள் வீடுதான் போகும் என்று சொன்னான். ஆமாம் என்றாள். முப்பது வருஷம் எத்தனையோ ஃபர்னஸின் மூடியைக் கழற்றிப் பார்த்தவுடன் இது ஓடும், இது ஓடாது என்று சொன்னவன். அந்த முகத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மூவாயிரத்துக்காக வீட்டை விட்டுவிடுவாளா? விடமாட்டாள். விட்டாலும் விடுவாள்.

"கீழ இருக்கிற ஃபர்னஸு பத்தி அவரு கேட்டாரு," என்றாள் வெர்லீன், ரொம்பச் சாதாரணமாக. "சத்தம் நல்லா வருதேன்னாரு. சத்தம் எப்பவுமே நல்லாத்தான் வரும்னேன். சூட்டைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப உள்ள போனா ஞாபகம் வந்தாலும் வரும்."

லெம்யூல் சுவரில் சாய்ந்துகொண்டான். நாலாயிரம். ஒரு மாத வாடகை, முன்பணம், முட்டிக்கு ஊசி, நூறு அட்டை. இல்லாவிட்டால் ஆர்வில் வீட்டு வாசற்படி.

"எடுங்க," என்றான்.

ரெனாட்டா கணக்குத் தாளை மாற்றி அடித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் வெர்லீன் கொக்கியைத் திறந்து காகிதத்தை அவளிடம் கொடுத்தாள். கெஸ்லிங் தாளைப் பார்த்தான், பிறகு லெம்யூலைப் பார்த்தான், பிறகு தொப்பியைப் பார்த்தான். கொடுப்பது அதே நாற்பத்தொன்று என்பதால் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வீடு இருந்தால் முகவரியை நேராகச் சொல்லு பாஸ் என்று சொல்லிப் போனான். நாலு பத்துக்கு வரிசையிலிருந்து போன்: கட்டியாயிற்று, ரசீது கையில். வெர்லீனுக்கு எழுந்திருக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு. லெம்யூல் அதைப் பார்த்தான். விட்டிருக்கமாட்டாள். மூவாயிரம் போயிற்று.

பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். அவ்வளவு பெரிய காசோலையோடு பஸ்ஸிலா என்று லெம்யூல் அவளைக் காரில் ஏற்றினான். கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்து, அவள் உட்கார்ந்ததும் மறுபடி கட்டினான். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவோரப் பனி கறுத்துப் போய்க் கிடந்தது. ஒரு கம்பத்தில் அவனுடைய மஞ்சள் அட்டை ஒன்று இன்னும் தப்பித்து நின்றது.

"இந்த அட்டை நூறு என்ன விலை?" என்று கேட்டாள்.

சொன்னான். நிஜ விலையைவிட ஒரு மடங்கு கூட்டித்தான் சொன்னான்.

அவள் தலையாட்டினாள். தன் தேவாலயத்தில் கூடப் பாடுகிற ஒருத்தி இருக்கிறாள் என்றாள். அவளுக்கும் இரண்டு வருஷ பாக்கி. அடுத்த மார்ச்சில் அவள் கதவில் பை தொங்கும். மூலை வீடு, ஓட்டுக்கூரை, கீழ்த்தளம் காய்ந்து கிடக்கிறது, ஃபர்னஸ் நிஜமாகவே ஓடுகிறது.

லெம்யூல் காரை மெதுவாக்கினான். "எந்தத் தெரு?"

வெர்லீன் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தெருவைச் சொன்னா நீ என்னை இறக்கி விட்டுட்டு நேரா அங்க போவ."

"போக மாட்டேன்."

"நான் போவேன், உன் இடத்துல இருந்தா."

சிவப்பு விளக்கில் நின்றார்கள். பாதிப் பாதி என்று அவன் சொன்னான். அது பேச்சில் பாதி, எழுத்தில் எவ்வளவு என்று அவள் கேட்டாள். எழுதித் தருவதாகச் சொன்னான். முன்பணம் இல்லாமல் எழுத்து செல்லாது என்று நீதானே அன்றைக்குச் சொன்னாய் என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து டாலரை எடுத்து நீட்டினான். நீட்டியவன் விடவில்லை. அவளும் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள், வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.